பரிலோ என்றொரு குடும்பப் பெயர்

1

ஒரு கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதி அனுப்புகிறேன் என்று படகுத்துறையில் நின்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரிதான் இந்தக் கதை. ஐந்து மாதமாக எழுதுகிறேன். இன்னும் அந்த வரிக்கு வந்து சேரவில்லை.

கேள்வியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துப் பின்னால் எடுத்துக் காட்டும் தெம்பு எனக்கு இல்லை. சிலி நாட்டிலிருந்து வந்திருந்த நீவெஸ் என்ற பெண், ஊர் திரும்பக் கப்பல் ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் கேட்டாள்: "என் லெட்டர் கிடைச்சப்போ பெரியப்பா என்ன சொன்னார்?"

பெரியப்பா என்றால் என் கணவர் பார்துல். இறந்து நான்கு வருடம் ஆகிறது.

முதலில் இதை 'நான்' என்றே எழுதிப் பார்த்தேன்.

[நான் சிலியில், அன்டோஃபகாஸ்டாவில் பிறந்தவள். ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு இந்தத் தீவுக்குத் திரும்பி]

[என் கணவரின் மனதை நோகடிக்கக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில்தான் நான்]

[அந்தக் கடிதம் வந்த அன்று நான்]

மூன்றும் அப்படியே நின்றன. 'நான்' என்று எழுதியதும் பேனா வக்கீல் மாதிரி பேச ஆரம்பித்துவிடுகிறது. அதனால் அவளுக்கு வின்கா என்று பெயர் வைத்துத் தள்ளி உட்கார வைத்தேன். எழுதுகிறவள் நான், செய்தவள் வின்கா. இருவருக்கும் முழங்கால் வலி ஒன்றுதான்.

வாசகரே, உங்களைப் பற்றியும் ஒரு விஷயம் இருக்கிறது. அதை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

2

பார்துலின் புத்தகத்தில் தலைப்பு மட்டும் முடிந்திருந்தது. 'வர்னெலிச் என்னும் குடும்பப் பெயரின் தோற்றமும் வெளிநாடுகளில் அதன் பரவலும்.' அதற்குக் கீழே பதினாறு வருட உழைப்பு.

அவர் நிலப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். ஒரே அத்திமரத்துக்கு உலகம் முழுக்க நாற்பது பங்காளிகள் இருப்பதைப் பார்த்துப் பார்த்து மனிதர்களை அட்டையில் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற அடுத்த வாரமே அட்டைகள் வாங்கினார். வெளிநாட்டு டெலிபோன் புத்தகங்களைக் கப்பலில் வேலை பார்ப்பவர்களைக் கெஞ்சி வரவழைத்தார். வர்னெலிச் என்ற பெயருள்ள ஒவ்வொருவருக்கும் கடிதம் போனது. சிலிக்குப் போகும் கடிதங்களை ஸ்பானிய மொழியில் எழுதுவதும், வரும் பதில்களைப் படித்துச் சொல்வதும் வின்காவின் வேலை. வீட்டில் அந்த மொழி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று பெட்டிகள். முதல் பெட்டி 'நம்மவர்'. இரண்டாவது 'சந்தேகம்'. மூன்றாவது 'வேறு பெயர்'. தவறாக வந்து சேரும் கடிதங்கள் மூன்றாவதில் விழும்.

"சான் பெத்ரோக்காரன் என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்பாள் வின்கா. அமெரிக்காவிலிருந்து வருபவற்றை அவரே தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவார்.

"நாம எல்லாம் வெனிஸ் கப்பல் தலைவன் ஒருத்தனோட வம்சமாம்."

"நியூசிலாந்துக்காரி சிலுவைப் போர் வீரன்னு எழுதியிருந்தாளே."

"கோயில் பதிவேட்டுல இருக்கிறவன் ரெண்டு ஆட்டோட கரையேறினவன். துருக்கிக்காரனுக்குப் பயந்து ஓடி வந்தவன். ஆட்டுக்காரனை ஒரு பயலுக்கும் வேண்டாம்."

"அந்த ஆடு என்னாச்சு?"

"அதோட வம்சம்தான் லோவ்ரே வீட்டுல இன்னும் என் முட்டைக்கோஸைத் தின்னுட்டு இருக்கு."

நன்றாகத்தான் இருந்தது அந்த வாழ்க்கை. இதைச் சொல்லாமல் மேலே போனால் கதை பொய்யாகிவிடும்.

இப்போது ஒரு விளக்கம். எங்கள் தீவு வெனிஸ் இருக்கும் அதே கடலில்தான் கிடக்கிறது; அதில் எங்கள் ஊர் செலினாவில் அறுபத்தொரு பேர். அவர்களில் ஐம்பத்து நான்கு பேர் வர்னெலிச். ஆகவே ஊருக்குள் அந்தப் பெயரால் காலணாப் பிரயோஜனம் இல்லை. "வர்னெலிச்!" என்று கூப்பிட்டால் யாரும் திரும்ப மாட்டார்கள், போலீஸோ என்று நினைத்து நடையைக் கட்டுவார்கள். வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆணி வீடு, முயல் வீடு, செவிடன் வீடு. தபால்காரி பெரினா உறையில் இருக்கும் பெயரைப் பார்க்கவே மாட்டாள், மூலையில் யாராவது பட்டப்பெயரை எழுதியிருக்கிறார்களா என்றுதான் தேடுவாள். வர்னெலிச் என்பது கல்லறைக்கும் கடல் தாண்டிப் போனவர்களுக்கும் உரிய பெயர்.

பார்துல் வீட்டின் பட்டப்பெயர் பரிலோ. பீப்பாய் என்று அர்த்தம். பார்துலின் தாத்தா ஒரு திராட்சை அறுவடையின்போது காலிப் பீப்பாய்க்குள் தூங்கிவிட்டார், ஊரே அவரைக் கடலில் தேடியது. அதுவரை அது வேடிக்கை. பிறகு பார்துலின் அப்பா குடித்தே செத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டு ஆட்களின் முகத்துக்கு நேரே ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்வதோடு சரி.

நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் சேர்ந்தன. ஒரே ஒரு அட்டைக்காகத்தான் இத்தனையும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பார்துலின் தம்பி குஸ்மா. 1967-இல் போனவன்.

3

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் வின்காவைக் கொஞ்சம் தூரத்தில் நிறுத்தினேன். ஒருமுறை அவளைக் கிணற்றடிக்கே அனுப்பிவிட்டேன். அவள் கிணற்றடியில் இல்லை. அங்கேதான் இருந்தாள், முசுக்கட்டை மரத்தடியில், மற்ற பெண்களோடு.

ஆகஸ்ட், ஞாயிறு, மாலை ஐந்து மணி. கோயிலுக்குப் பின்னால், மர உருண்டைகளைக் குறியை நோக்கி வீசி ஆடும் களம். பக்கத்து ஊர் ஆட்களுடன் போட்டி. கடைசி வீச்சு குஸ்மாவுடையது. இருபத்து நான்கு வயது. மதியச் சாப்பாட்டிலிருந்தே குடித்திருந்தான். கை நடுங்கியது. வீசிய உருண்டை, குறிக்குப் பக்கத்தில் நின்ற சொந்தக் கட்சிக்காரனின் உருண்டையைத் தட்டி விலக்கிவிட்டது. ஆட்டம் போயிற்று.

பக்கத்து ஊர்க்காரர்கள் கூவினார்கள். அப்போது பார்துல் சொன்னார், சத்தமாக, எல்லோரும் கேட்க: "விடுங்கப்பா. அது பரிலோதானே. ஊத்துறதைத் தவிர அதை வெச்சு வேற என்ன செய்ய முடியும்?"

களமே சிரித்தது. நா... வின்காவும் சிரித்தாள்.

குஸ்மா அண்ணனைப் பார்த்தான். பிறகு குனிந்து அந்த உருண்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து போனான். மூன்றாம் நாள் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போய்விட்டான். அம்மாவுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன, இரண்டும் வேறு வேறு துறைமுகங்களிலிருந்து. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எங்கள் களத்தில் இன்று வரை ஓர் உருண்டை குறைவு, புதியது வாங்க யாரும் முன்வரவில்லை.

தேடத் தொடங்கி ஆறேழு வருடம் கழித்து ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே வின்கா சொல்லிப் பார்த்தாள்.

"ஏ மனுஷா. பரிலோன்னும் ஒரு தடவை தேடிப் பாரேன்."

பார்துல் பென்சிலைக் கீழே வைத்தார். "அது பேர் இல்ல."

"ஊர்ல எல்லாரும்..."

"ஊர் சொல்லலாம். அன்னிக்கு அது என் வாயிலேர்ந்து வந்துச்சு. என் கையால அதை ஒரு அட்டையில எழுத மாட்டேன். கீரையைப் பாரு, புழு இருக்கு."

கீரையில் புழு இல்லை.

4

கல்லறையைப் பற்றி.

எங்கள் தீவில் உயிரோடு இருக்கும்போதே பெயரை வெட்டி வைத்துவிடுவோம். பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் காலி இடம். அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்கப் போகும்போது அவரவர் பெயரில் உள்ள தூசியை அவரவரே தட்டிவிடுவார்கள்.

2011-இல் பார்துல் கல் வெட்டும் லோவ்ரேயை அழைத்து மூன்று பெயர்களைக் கொடுத்தார். பார்துல் 1938. வின்கா 1940. குஸ்மா 1943.

"குஸ்மாவா?" என்றார் லோவ்ரே. "அவன் எங்க இருக்கான்னே தெரியல, அவனுக்கு இடம் பிடிக்கிறியா?"

"எங்க இருந்தாலும் இங்கதானே வரணும்."

"ஒருவேளை அங்கயே முடிஞ்சு போயிருந்தா?"

"அதனாலதான் கோடு போடச் சொல்றேன். வருஷம் போடச் சொன்னேனா?"

லோவ்ரே வெட்டி முடித்துத் தூசியை ஊதினார். "போட்டாச்சு. மூணு பேரும் நிதானமா வாங்க. கல்லு எங்கயும் போகாது."

5

கடிதம் வந்தது 2014 மே மாதம். பார்துல் மாரடைப்பிலிருந்து எழுந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

(மாரடைப்பை இங்கே எழுதுவது வின்காவுக்குச் சாதகமாக இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அது நடந்தது.)

"அக்கா, சிலிலேர்ந்து இன்னொண்ணு," என்று பெரினா சன்னல் வழியாக நீட்டினாள். "உங்க வீட்டுக்கு வர்ற தபாலாலதான் என் வேலை தப்பிச்சுக் கிடக்கு. மாமா நல்லா இருக்கணும்."

வழக்கம் போல மேசையில் உட்கார்ந்தார்கள். பார்துல் ஒரு வெற்று அட்டையும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டார். வின்கா எதிரில், கண்ணாடியோடு. உறையைப் பிரித்ததும் ஒரு புகைப்படம் அவள் மடியில் விழுந்தது. ரொட்டிக் கடை வாசல். வயதானவர் ஒருவர், ஏப்ரன் கட்டியிருக்கிறார். கதவு மூடாமல் இருக்க ஒரு மர உருண்டையை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

கடிதம் ஒரு பக்கம்தான். அதை இன்றும் பார்க்காமல் சொல்வேன்.

'ஐயா, புன்டா அரேனாஸில் உள்ள உங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்தில் உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். அப்பா ஒரு நாளும் அந்தச் சங்கத்துக்குப் போனதில்லை, இப்போதுதான் நான் முதல் முறையாகப் போனேன். என் அப்பா பெயர் குஸ்மா, பிறந்தது செலினா, 1943. ஆனால் நாங்கள் வர்னெலிச் இல்லை. கப்பலிலிருந்து காகிதம் ஏதும் இல்லாமல் இறங்கியபோது அவர் கொடுத்த பெயர் பரிலோ. நாங்கள் மூன்று பிள்ளைகளும் பரிலோ. அவர் மார்ச் பதினொன்றாம் தேதி இறந்துவிட்டார். நீங்கள் தேடுபவர் இவர்தானா? நீவெஸ் பரிலோ.'

வின்கா அதை ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான். அவன் அந்த வார்த்தையை மன்னிக்கவில்லை. உலகத்தின் அடிக்குப் போய், அதையே பெயராக்கி, பிள்ளைகளின் நெற்றியில் எழுதி, அண்ணனுக்குக் காட்டியிருக்கிறான். பார், நீ வைத்த பெயர்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் பார்துல்.

எதிரில் அவர் முகம். ஆறு வாரமாக நிறம் திரும்பாத முகம். பென்சில் கூராக இருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

"ஒண்ணுமில்லாம ஒரு பக்கமா?"

"வேற யாரோ. பேரு நம்ம பேரு இல்ல."

அது பொய்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறாதது.

"அப்ப மூணாவது பெட்டி," என்று கையை நீட்டினார். அவள் கடிதத்தை மடித்துக் கொடுத்தாள். புகைப்படம் மடியிலேயே இருந்தது. அவர் கடிதத்தை விரித்துக்கூடப் பார்க்காமல், தன் கையாலேயே பெட்டியில் வைத்து மூடினார். விதிகளை மதிக்கிறவர். வர்னெலிச் இல்லையென்றால் அது அவர் வேலை இல்லை.

"காப்பி போடுறியா?" என்றார்.

போட்டாள்.

6

அன்று சொல்லவில்லை. தெம்பு வந்ததும் சொல்லலாம் என்றிருந்தாள். பிறகு ஊர்த் திருவிழா முடியட்டும் என்று. பிறகு ஒலிவ அறுவடை. தள்ளிப் போட்டது எந்த மாதத்தில் பொய்யாக இறுகியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் செய்த இன்னொன்றையும் எழுத வேண்டும். நீவெஸுக்கு இரண்டு வரி பதில் போட்டாள். 'உன் கடிதம் கிடைத்தது. என் தம்பிதான். எனக்கு உடம்பு சரியில்லை, மேற்கொண்டு எழுத வேண்டாம்.' கீழே பார்துல் என்று கையெழுத்து. புருஷனுடைய கையெழுத்தைப் போடுவது பெரிய கஷ்டம் இல்லை. ஐம்பது வருடம் பார்த்தது.

அதற்குப் பிறகும் ஐந்து வருடம் பார்துல் தேடினார். ஐந்து வருடமும் வின்கா ஸ்பானிய மொழியில் எழுதினாள்: 'குஸ்மா என்பவரைத் தங்களுக்குத் தெரியுமா?' அவன் செத்துப்போனது தெரிந்த கையால், முத்து முத்தாக.

களைப்பு என்றால் என்ன என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வேலை செய்து வருவது வேறு வகை.

2019 ஜனவரியில் பார்துல் போய்ச் சேர்ந்தார். கடைசியாகப் பேசியது மின்சாரக் கட்டணத்தைப் பற்றி. லோவ்ரே அவருடைய கோட்டுக்கு அப்பால் வருடத்தை வெட்டினார்.

[இறுதிச் சடங்கு முடிந்து மூன்றாவது பெட்டியைத் திறந்தபோது அந்தக் கடிதம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. மடிப்பு மாறியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு]

இல்லை. இதை நான் எழுதியிருக்கக் கூடாது. அழிக்காமல் விடுகிறேன், எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ளட்டும். கடிதம் மேலே இல்லை. அவர் வைத்த இடத்திலேயே, பின்னால் வந்து சேர்ந்த நாற்பது கடிதங்களுக்கு அடியில், அவர் வைத்த மடிப்போடு இருந்தது.

7

போன அக்டோபரில் நீவெஸ் வந்தாள். ஐம்பது வயது. அகலமான தோள், மாவு பிசையும் கை. நடை அப்படியே குஸ்மா. பேருந்திலிருந்து இறங்கி வந்தவளைப் பார்த்துக் கோயில் வாசலில் இருந்த இரண்டு கிழவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"பெரியம்மா, நீங்க பேசுறது எங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க பேசுற மாதிரி இருக்கு," என்று சிரித்தாள்.

"ஒன்பது வயசோட நின்னுபோச்சு அந்த மொழி," என்றாள் வின்கா. "அதுக்கப்புறம் நான் ஸ்பானிஷ்ல வளரவே இல்ல."

மூன்று நாள் இருந்தாள். உப்பு மத்தி சாப்பிட்டாள். ரொட்டியைக் கிள்ளிப் பார்த்து, "இதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஊற விட்டிருக்கணும்," என்று குறை சொன்னாள். இரண்டாம் நாள் கல்லறைக்குப் போனார்கள். குஸ்மாவின் கோட்டின் மேல் விரலை வைத்து, வலப்பக்கக் காலி இடம் வரை தடவினாள்.

"வருஷத்தைப் போட்டுடலாமா பெரியம்மா? பேருக்குப் பக்கத்துல பரிலோன்னும் சின்னதா."

"அந்தப் பேரா?" என்றாள் வின்கா. "அந்தப் பேரை அவன் ஏன் வெச்சுக்கிட்டான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? வருஷா வருஷம் சொல்வாரே. புது டெலிபோன் புத்தகம் வந்ததும் முதல் வேலையா எங்க பேரு சரியா இருக்கான்னு பார்ப்பார். அம்மா கேலி பண்ணுவாங்க, எந்த மகாராணி கூப்பிடப் போறான்னு. அப்பா சொல்வார்: 'வர்னெலிச்னு போட்டா நூறு பேர்ல நானும் ஒருத்தன். பரிலோன்னு போட்டா அது நான்தான்னு இந்த உலகத்துல ஒரே ஒருத்தனுக்குத் தெரியும். அவன் தேடினா அந்தப் பேரைத்தான் தேடுவான்.'"

வின்கா பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவன் கோபமா போகலையா?"

"போனப்போ கோபம்தான். ரெண்டு வருஷத்துல போயிடுச்சாம். ஆனா முதல்ல எழுதுறது அண்ணனாத்தான் இருக்கணும்னு ஒரு பிடிவாதம். கழுதை."

"ரெண்டும் கழுதை," என்றாள் வின்கா.

லோவ்ரேக்கு இப்போது கை நடுக்கம் உண்டு, ஆனால் உளி பிடித்தால் நின்றுவிடும். மாலையில் வந்து கல்லைப் பார்த்தார். "எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்துப் பதினாலு," என்றாள் வின்கா.

லோவ்ரே பென்சிலால் கல்லில் 2, 0, 1 வரைந்துவிட்டு நிறுத்தினார். நீவெஸுக்கு அவர் பேசுவது புரியாது என்று தெரிந்ததால் தலையைத் தூக்காமலே பேசினார்.

"பதினாலா? பதினெட்டுல, பார்துல் என்னைக் கூட்டிட்டு வந்து, 'குஸ்மா பொண்டாட்டியோட வந்தா அவ பேருக்கும் இங்க இடம் இருக்கா'ன்னு கேட்டான்."

வின்கா தன் பெயரில் இருந்த தூசியைத் தட்டினாள்.

"உனக்குத் தெரியுமா அப்போ?"

"தெரியும்."

அவர் நாலையும் வரைந்தார். பென்சிலைக் காதில் செருகினார். "வெட்டினா ஊர் படிக்கும். கணக்குப் போடத் தெரியாதவன் இங்க எவனும் இல்ல. நீ சொல்ற அன்னிக்கு வெட்டுறேன். அது வரைக்கும் இது பென்சில்தான்."

அடுத்த நாள் படகுத்துறை. நீவெஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள், நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியை. எட்டு வருடமாக அவளிடம் இருப்பது இரண்டு வரிப் பதில்தான். "உடம்பு சரியில்லாதவர், சரி. ஆனா ஏதாவது சொல்லியிருப்பாரே. தம்பி அந்தப் பேரை வெச்சுக்கிட்டான்னு தெரிஞ்சதும் என்ன சொன்னார்?"

கப்பல் ஊதியது.

"எழுதி அனுப்புறேன்," என்றாள் வின்கா.

8

வீட்டுக்கு வந்து பார்துலின் அலமாரியிலிருந்து புன்டா அரேனாஸ் டெலிபோன் புத்தகத்தை எடுத்தேன். (வின்கா எடுத்தாள் என்று எழுதத் தொடங்கினேன். இனி வேண்டாம். அவள் போதுமான அளவு உழைத்துவிட்டாள், பாவம்.) 1998-ஆம் வருடப் புத்தகம். வர்னெலிச் வரும் பக்கம் கிழிந்து தொங்கும் அளவுக்குப் புரட்டப்பட்டிருந்தது. முன்பக்கங்கள் புதிதாக இருந்தன, சில தாள்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. கத்தியால் பிரித்தேன். பதினோராம் பக்கம், இடது பத்தி. பரிலோ கு., ரொட்டிக் கடை. எண்ணும் இருந்தது.

பதினைந்து வருடம் எங்கள் வீட்டில் இருந்த புத்தகம்.

பிறகு பார்துலின் வெற்று அட்டைகளில் ஒன்றை எடுத்து, அவர் எழுதும் முறையிலேயே எழுதினேன்.

பெயர்: பரிலோ.
தோற்றம்: செலினா, மர உருண்டைக் களம், 1967 ஆகஸ்ட், ஞாயிறு.
தோற்றுவித்தவர்: பார்துல் வர்னெலிச்.
பரவல்: புன்டா அரேனாஸ், பதினொரு பேர் (ஒருவர் காலமானார்).
குறிப்பு: தேடிக் கண்டுபிடிப்பதற்காக வைக்கப்பட்ட பெயர்.

நானூற்றுப் பதின்மூன்றாவது அட்டை. எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் மேசையிலேயே இருக்கிறது.

முடிவுக்கு வருகிறேன். என்னிடம் இரண்டு இருக்கின்றன, இரண்டும் ஒரு வரிதான்.

அ. 'அவர் அழுதார், பிறகு சிரித்தார், அந்தக் கழுதை என்று சொன்னார்.' இதை எழுதி அனுப்பினால் நீவெஸ் அதைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்வாள். இரண்டு சகோதரர்களும் ஒருவரையொருவர் கண்டுபிடித்துவிடுவார்கள். பார்துலுக்குத் தெரிந்திருந்தால் அவர் இதையேதான் சொல்லியிருப்பார், வார்த்தை மாறாமல். ஐம்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள் சொல்கிறேன். பிறகு ஒரு நாள் லோவ்ரே வருடத்தை வெட்டுவார். ஊர் படிக்கும். அவளுக்கு ஊரில் யாரோ ஒருவர் எழுதுவார்.

ஆ. 'அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் உன் கடிதத்தை நான் மறைத்துவிட்டேன்.'

இரண்டாவதை ஸ்பானிய மொழியில் எழுத உட்கார்ந்தேன். அந்த மொழியில் எனக்கு ஒன்பது வயது. பொம்மையை உடைத்தது யார் என்பதற்குப் பதில் சொல்லத் தெரியும், இதற்குத் தெரியவில்லை. அதனால்தான் நம் மொழியில் எழுதினேன், நீளமாக, வின்கா என்று ஒருத்தியை நடுவில் வைத்து. நாளைக் காலை பெரினா வருவாள். இந்தத் தாள்களையும் அட்டையையும் ரொட்டிக் கடைப் புகைப்படத்தையும் உறையில் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

நீவெஸுக்கு நம் மொழி படிக்கத் தெரியாது.

ஆகவே அவள் இதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வருவாள். அங்கே இன்னும் நம் எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுவாள். உங்களைத்தான், வாசகரே. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, ஒருவேளை நீங்களும் ஒரு வர்னெலிச்சாக இருக்கலாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவளை எதிரில் உட்காரச் சொல்லி, தாள்களைப் பிரித்து, இதோ இந்த இடம் வரை மனதுக்குள் படித்துவிட்டீர்கள்.

அந்த நாற்காலி எனக்குத் தெரியும். எதிரில் ஒரு முகம் இருக்கும், அதில் நிறம் எப்படி மாறும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். 'ஒண்ணுமில்ல, ஊர் விசேஷம், உடம்பை எல்லாம் கேட்டிருக்காங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்றும் தெரியும். ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது. நீங்கள் அப்படிச் சொன்னால் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சொல்லாவிட்டாலும் இல்லை. எனக்கு எண்பத்து மூன்று வயதாகிறது, என்னால் தூக்கிக்கொண்டு வர முடிந்தது இவ்வளவு தூரம்தான்.

அவள் கேட்டுவிட்டாள், என்ன எழுதியிருக்கு என்று. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.